ஒப்பீட்டுக்கு ஒரு தாய்

வாத்துகள் அப்படியேதான் இருந்தன. வேலைக்காரர்களின் பிள்ளைகளுக்கான காப்பறைக் கதவில் மஞ்சள் பெயின்டில் தாய் வாத்து ஒன்று, அதன் பின்னால் வரிசையாகக் குஞ்சுகள். கடைசிக் குஞ்சின் அலகு உரிந்து போயிருந்தது. அதுவும் அப்படியேதான் இருந்தது. மாறியிருந்தது உள்ளேயிருந்து வந்த சத்தம். பிள்ளைகள் அழுகிற சத்தம் மாதிரித்தான் கேட்டது. ஆனால் எந்தப் பிள்ளையும் அப்படி மூச்சு விடாமல் அழாது.

பிரசவ விடுப்பு முடிந்து அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள் கூண்டுக்காரி. இடுப்பில் மகள், தோளில் துணிப்பை. கைப்பிடியைத் திருகப் போனவளைத் தீவனக்காரர் தள்ளுவண்டியை நிறுத்திக் கூப்பிட்டார்.

"எங்க தங்கச்சி போற?"

"பாப்பாவ விட்டுட்டு வேலையப் பாக்கலாம்னு அண்ணே."

"அங்க விடாத. கடிச்சு வெச்சிடும்."

அவள் கண்ணாடித் துண்டு வழியாக எட்டிப் பார்த்தாள். தொட்டில்கள் இருந்த இடத்தில் கம்பிக்கூடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு குரங்குக்குட்டி. ஒவ்வொரு குட்டியும் துணி சுற்றிய ஓர் உருளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தது.

"போன மாசம் மாத்திட்டாங்க. பிள்ளைங்க யாரும் வர்றதில்லையாம். இடம் வீணாப் போகுதாம்" என்றார் தீவனக்காரர்.

"என் பிள்ளை இப்பத்தானே பொறந்திருக்கு?"

"அது உன் தப்பு. இடம் இருந்தப்பவே பொறந்திருக்கணும்."

அவர் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காமல் பேசுவதே நகைச்சுவைக்குத்தான் என்று சிலர் சொல்வார்கள். முப்பது வருடம் அந்த இடத்தில் வேலை பார்த்தால் முகம் அப்படி ஆகிவிடும் என்று அவரே சொல்வார்.

அந்த இடத்தின் முழுப்பெயர் குரங்கினச் சமூக நடத்தை மற்றும் இளம்பருவ மன அழுத்த ஆய்வு நிலையம். பெயர் அவ்வளவு நீளமாக இருந்ததால் வாசல் கதவின் இரண்டு பக்கமும் பாதிப் பாதியாக எழுதியிருந்தார்கள். காலையில் ஒரு பக்கக் கதவு திறந்து பின்னால் மடிந்துகிடக்கும். ஆகவே வேலைக்கு வருகிற அத்தனை பேரையும், இயக்குநர் உட்பட, தினமும் வரவேற்றது "குரங்கினச் சமூக" என்கிற பாதிதான்.

நிலையத்தின் ஆராய்ச்சி எளிமையானது. தாயிடமிருந்து குட்டியைப் பிரிப்பார்கள். குட்டி என்ன செய்கிறது என்று பார்ப்பார்கள். குட்டி கத்தும், பிறகு சுருண்டு படுக்கும், பிறகு தன் கட்டைவிரலைத் தானே சூப்பிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடும். தாயைப் பிரித்தால் குட்டி வாடும் என்று இதிலிருந்து கண்டுபிடித்தார்கள். ஒரு முறை கண்டுபிடித்தது போதாது என்று இன்னொரு முறை கண்டுபிடித்தார்கள். பிறகு பெண் குட்டியும் வாடுமா என்று சந்தேகம் வந்தது. வாடியது. மழைக்காலத்தில் பிரித்தால்? அப்போதும் வாடியது. ஒவ்வொரு முறையும் கைதட்டி, பெரிய கூடத்தில் தேநீர் குடித்தார்கள்.

இதில் கூண்டுக்காரியின் வேலை இரண்டு. ஒன்று, ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு குழாயைப் பிடித்துக் கூண்டுகளைக் கழுவுவது. இன்னொன்று, பிரிக்கிற நாளில் கூண்டின் ஒரு கோடியில் வாழைப்பழத்தை வைத்துவிட்டு, தாய் அதை எடுக்க நகர்ந்து குட்டி பின்தங்குகிற நொடியில் நடுக்கதவைத் தள்ளுவது. இரண்டாவது வேலைக்குக் கை சுத்தமாக இருக்க வேண்டும் என்பது விதி.

கூண்டுகளின் பூட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது நிலையத்தின் பெருமை; வெளிநாட்டில் பரிசு வாங்கிய பூட்டு. ஒரு கையால் சுருள்வில்லை அழுத்திக்கொண்டே மறுகையால் தாழைத் தூக்க வேண்டும். குரங்குக்கும் இரண்டு கை உண்டே என்று கேட்கலாம். குட்டியோடு இருக்கிற தாய்க்கு ஒரு கைதான் மிச்சம். மற்றக் கையைக் குட்டியிலிருந்து அவள் எடுக்க மாட்டாள். அதைக் கணக்குப்போட்டுச் செய்த பூட்டு அது. சரி, குட்டியை எடுத்த பிறகு? அப்போது இரண்டு கையும் சும்மாதான் இருக்கும். ஆனால் அதற்குப் பிறகு எந்தத் தாயும் பூட்டைத் தொட்டதே இல்லை. பரிசு கொடுத்தவர்கள் இதைத்தான் விசேஷமாகப் பாராட்டியிருந்தார்கள்.

மகளை நாத்தனாரிடம் விட்டாள். நாத்தனார் வீட்டில் தையல் மெஷின் போட்டு ரவிக்கையும் தலையணை உறையும் தைக்கிறவள். கூண்டுக்காரியின் புருஷன் லாரி ஓட்டுகிறவன். வீட்டில் அவன் இருந்ததற்கு ஆதாரம் கேட்டால் குழந்தையைத்தான் காட்ட வேண்டும்.

முதல் வாரமே குழந்தை பாட்டிலைத் துப்பிவிட்டது. ரப்பர் வாயில் பட்டதும் தலையைத் திருப்பிக்கொண்டது. கரண்டியில் கொடுத்தால் வழியவிட்டது.

"அண்ணி, உங்க பொண்ணு என்னையே மொறைக்கிறா. நான் என்னமோ விஷம் குடுக்கிற மாதிரி" என்றாள் நாத்தனார். "சாயங்காலம் நீங்க வர்ற வரைக்கும் ஒரு சொட்டு உள்ள போகல. அழுது அழுது அவளுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. கன்னத்தப் பாத்தீங்களா?"

பார்த்தாள். உருண்டையாக இருந்த கன்னம் ஒட்டத் தொடங்கியிருந்தது. நிலையத்தில் கூண்டு கழுவும்போது குட்டிகள் கத்தினால் அவளுக்குப் பால் சுரந்து மேல்சட்டை நனைந்தது. குழந்தை இல்லாத இடத்தில் பால் இருந்தது. பால் இல்லாத இடத்தில் குழந்தை இருந்தது. நடுவில் இரண்டு பஸ்.

அந்தச் சமயத்தில்தான் அறுகாதின் முறை வந்தது. நிலையத்தில் அதற்கு ஓர் எண் உண்டு. சண்டையில் காது கிழிந்த தாய்க் குரங்கு என்பதால் வேலைக்காரர்கள் வைத்த பெயர் அறுகாது. கூண்டுக்காரி பழத்தை வைத்தாள். அறுகாது பழத்தைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, வரவில்லை. அரை நாள் கழித்துப் பசி தாங்காமல் வந்தது. நடுக்கதவு சாத்திக்கொண்டது.

பிரித்தெடுத்த குட்டி வாத்துக்கதவு அறைக்குப் போனது. அடுத்த நாள் அதன் விரல் கம்பிவலையில் மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்க இறுகியது. எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள் கவனிப்பாளர் பெண். படிக்க வந்த பெண், பாவாடைக்கு மேல் வெள்ளைக் கோட்டு. பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, பாத்துக்கிட்டே இருக்க?" என்று கூண்டுக்காரி குழாயைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"தலையிடக் கூடாதுக்கா. கவனிக்கிறவங்க கவனிக்கப்படுறதத் தொடக் கூடாது. அதான் இங்க முதல் விதி."

"விரல் அறுந்துடும்மா!"

"அதுக்கும் குறியீடு இருக்குக்கா."

கூண்டுக்காரி விரலை விடுவித்தாள். குட்டி அவள் மணிக்கட்டைக் கட்டிக்கொண்டு விட மறுத்தது. அன்று மாலை ஆய்வின் தூய்மையைக் கெடுத்ததற்காக நிர்வாக அதிகாரி அவளைக் கூப்பிட்டுக் கண்டித்தார். அந்தக் குட்டி சற்று நேரம் ஆறுதல் அடைந்துவிட்டதாம். இனி அதன் துயரத்தை நம்ப முடியாதாம்.

சில நாள் கழித்து விருந்தினர்கள் வந்தார்கள். இயக்குநர் அவர்களைப் பெரிய கூடத்தில் உட்காரவைத்துப் பேசினார். நல்ல குரல் அவருக்கு. பேசும்போது தன் குரலைத் தானே கேட்டு ரசிப்பதற்காக இடையிடையே நிறுத்துவார். தரை துடைத்துவிட்டு ஓரமாக நின்ற கூண்டுக்காரிக்கும் அது கேட்டது.

"தாயின் ஸ்பரிசம் மருந்து. தாயின் மடி முதல் பள்ளிக்கூடம். பிறந்த சில மாதங்களில் தாயை இழக்கும் சிசுவின் மூளையில் விழுகிற வடு ஆயுளுக்கும் ஆறாது. நாம் குரங்குகளுக்காக இதைச் செய்யவில்லை, நண்பர்களே. உலகத்தின் ஒவ்வொரு மனிதக் குழந்தைக்காகவும் செய்கிறோம்."

விருந்தினர்களில் ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கூண்டுக்காரிக்கு உடம்பு சிலிர்த்தது. கேட்க வேண்டிய ஆளை விட்டுவிட்டு இத்தனை நாள் எங்கெங்கோ புலம்பினோமே என்று தோன்றியது. விருந்தினர்கள் தேநீருக்குப் போனதும் நடையில் அவரை மறித்துக் கும்பிட்டாள்.

"ஐயா, நீங்க பேசினது மனசுல பட்டுச்சு. எனக்கும் கைக்குழந்தை இருக்கு. பாட்டில் ஒத்துக்கல, எளைச்சுப் போச்சு. மத்தியானம் ஒரு தடவ என் நாத்தனாரு கொண்டு வந்தா, எங்கயாவது ஒரு மூலைல உக்காந்து பால் குடுத்துட்டு அனுப்பிடுவேன்."

இயக்குநர் மிகுந்த அக்கறையோடு கேட்டார். பிறகு சொன்னார்:

"அருமையான கேள்வி. ஆனா பாருங்க, நாங்க கண்டுபிடிச்சது குரங்குல. குரங்குல வந்த முடிவ அப்படியே எடுத்து மனுஷங்க மேல போடுறது விஞ்ஞானம் இல்ல. அது மூடநம்பிக்கை."

"இப்பத்தானே ஐயா மனுஷக் குழந்தைங்களுக்காகன்னு சொன்னீங்க?"

"அது உலகத்துக் குழந்தைங்க. நீங்க சொல்றது ஒரு குழந்தை. ஒண்ண வெச்சு நாங்க எதுவும் சொல்ல முடியாதும்மா." அவளுடைய தோளைத் தட்டப் போனவர் சட்டை ஈரமாக இருப்பதைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார்.

தீவனக்காரரிடம் வந்து அழுதாள். அவர் பழத்தோல்களை வாளியில் அமுக்கிக்கொண்டே கேட்டார். "யாருகிட்டப் போய்க் கேட்ட? குரங்காப் பொறந்திருந்தா நலக்குழு கேட்டிருக்கும். ஆய்வுத் திட்டத்துல இல்லாத தாயயும் குட்டியயும் காரணம் இல்லாமப் பிரிச்சு வெக்கக் கூடாதுன்னு அவங்களுக்கு விதியே இருக்கு. போன வருஷம் கூண்டு ரிப்பேர்னு ஒரு நாள் பிரிச்சு வெச்சதுக்கு எல்லாருக்கும் ஓலை வந்துச்சு. நீ மனுஷி. உனக்கு யாரு இருக்கா?"

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். முங்குகிறவளுக்கு வேடிக்கை எது, கயிறு எது என்று தெரியாது. அவள் நேராக விலங்கு நலக்குழுத் தலைவியிடம் போனாள்.

தலைவி மெல்லிய குரல்காரி. எதிரில் இருப்பவருக்குக் காய்ச்சல் என்பது போலவே பேசுவாள். விஷயத்தைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றினாள். "இத்தனை நாள் ஒரு தாயும் சேயும் நம்ம வளாகத்துலயே விதிக்குப் புறம்பா பிரிஞ்சு இருக்காங்க. எனக்கு யாரும் சொல்லல!" உடனே குழுவைக் கூட்டினாள்.

கூண்டுக்காரியை மேசையின் கோடியில் உட்காரவைத்து அவளைப் பற்றி அவள் இல்லாதது போல விவாதித்தார்கள்.

"மனிதர் குரங்கின வரிசையில் வருகிறாரா?"

"வருகிறார். பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயம்."

"வால் கிடையாதே."

"வாலில்லாத இனங்கள் நிறைய உண்டு. வாலை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது."

"நமது விதிகள் மனிதருக்குப் பொருந்தாது என்று எங்காவது இருக்கிறதா?"

தேடினார்கள். இல்லை.

"அப்படியானால் பொருந்தும்."

நிர்வாக அதிகாரி மட்டும் ஒரு சந்தேகம் கேட்டார்: இதனால் மற்ற விலங்குகள் கலவரம் அடையாதா? தலைவி அவரைச் சாந்தப்படுத்தினாள். மற்ற விலங்குகளுக்கு இவளை ஏற்கெனவே பழக்கம்.

கடைசியில் தலைவி நிலையத்தின் விலங்குப் பதிவேட்டைத் திறந்துவைத்து அவளைப் பார்த்து, "உங்களுக்கு ஆட்சேபனை உண்டா?" என்றாள்.

"புள்ளைக்குப் பால் குடுக்கலாங்களா?"

"இயல்பான நடத்தை எல்லாத்துக்கும் அனுமதி உண்டு."

"அப்ப எதுல வேணா பதிஞ்சுக்கங்க."

அன்று மாலை நாத்தனார் மெஷின் மிதிப்பதை நிறுத்திவிட்டாள். "குரங்குன்னா எழுதிக் குடுத்துட்டு வந்தீங்க?"

"புள்ள கூட இருக்கலாம்ல."

"அண்ணனுக்குத் தெரிஞ்சா என்ன சொல்வாரு?"

"உங்க அண்ணன் எந்த ஊர்ல இருக்காருன்னு மொதல்ல கண்டுபிடி."

நாத்தனார் ஊசியில் நூலைக் கோத்தாள். "சரி. அங்க போய்ச் சேட்டை பண்ணாம இருங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி மிதித்தாள். பிறகு நூலைக் கடித்துத் துப்பிவிட்டு, "நாளைக்கு என்னயும் சேத்துப்பாங்களான்னு கேளுங்க. எனக்கும் பழம் பிடிக்கும்" என்றாள்.

பொய் சொல்லக் கூடாது, ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. வெளிச்சமான அறை கொடுத்தார்கள். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. அவள் பக்கமிருந்து பார்த்தால் அவளே தெரிவாள், அந்தப் பக்கமிருந்து பார்க்கிறவர்களுக்கும் அவளே தெரிவாள். அறையின் நடுவில் சுவருக்குள் மடிந்த ஒரு தடுப்பு. மனம் சோர்ந்துபோகாமல் இருக்கக் கூரையிலிருந்து ஒரு டயரைத் தொங்கவிட்டிருந்தார்கள். அவள் அதில் துணி காயப்போட்டாள். கண்ணாடிக்குப் பின்னால் பரபரப்பாக எழுதும் சத்தம் கேட்டது.

காலையில் குழந்தையோடு வருவாள், மாலையில் போவாள். நடுவில் குழந்தை தூங்கும்போது பழக்கதோஷத்தில் குழாயை எடுத்துக் கூண்டுகளைக் கழுவுவாள். யாரும் தடுக்கவில்லை. மகளின் கன்னம் மறுபடி உருண்டது. பால் குடித்துவிட்டு டயரைப் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொண்டது. ஒரு தாய்க்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கண்ணாடியைப் பற்றி நினைக்காமல் இருக்கக்கூடப் பழகிவிட்டாள்.

ஒருநாள் காலை அவள் உள்ளே நுழைந்ததும் பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. திரும்பிப் பார்த்தாள். கதவில் புதுப் பூட்டு. பரிசு வாங்கிய பூட்டு.

மேலே ஒலிபெருக்கி கரகரத்தது. தலைவியின் மெல்லிய குரல்.

"வணக்கம்மா. பதட்டப்படாதீங்க, பால் வத்திடும். நல்ல செய்தி. புது ஆய்வுல உங்களச் சேத்திருக்கோம். கணினி குலுக்கிப் போட்டுச்சு. நீங்க பிரிவுக் குழு."

"என்னது?"

"குட்டியப் பிரிக்கிற குழு. ஒப்பீட்டுக்கு ஒரு மனிதத் தாய் இல்லாதது நம்ம ஆராய்ச்சிக்குப் பெரிய குறையா இருந்துச்சு. இனிமே யாரும் குரங்குல வந்தது மனுஷனுக்குப் பொருந்தாதுன்னு சொல்ல முடியாது. இயக்குநரே இத உங்ககிட்டேர்ந்துதான் கத்துக்கிட்டேன்னு சொன்னார்."

"காரணம் இல்லாமப் பிரிக்கக் கூடாதுன்னு விதி இருக்குன்னு சொன்னீங்களே!"

"இப்பக் காரணம் இருக்கேம்மா."

"எனக்கு வேணாம். நான் வேலைய விட்டுடுறேன்!"

ஒலிபெருக்கியில் நிர்வாக அதிகாரியின் குரல் வந்தது. "எந்த வேலைய? பதிவான விலங்கு எப்படிப் பணியாளரா இருக்க முடியும்? பதிஞ்ச அன்னிக்கே உங்க பணி முடிஞ்சிடுச்சு."

"அப்ப இத்தனை நாள் நான் கூண்டு கழுவினது?"

"இயல்பான நடத்தை. அதுல யாரும் தலையிடல."

"உங்களுக்கு மட்டும் விதிவிலக்கு குடுத்தா அது பாரபட்சம்" என்றாள் தலைவி, உண்மையான வருத்தத்தோடு. "மனுஷங்க உசத்தி, குரங்குங்க மட்டம்னு நாங்க நினைக்கிறதில்ல. எல்லா உயிரையும் ஒரே மாதிரிதான் நடத்துவோம்."

கூண்டுக்காரி பூட்டைப் பார்த்தாள். ஒரு கையால் வில், மறுகையால் தாழ். மகளைக் கீழே இறக்கினால் திறந்துவிடலாம். இறக்கினால் என்ன ஆகும் என்று அந்தக் கட்டடத்தில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. நடுக்கதவைத் தள்ளிய கை அவளுடையது. சுவரில் மடிந்திருந்த தடுப்பின் விளிம்பு அன்று எண்ணெய் போட்டுப் பளபளத்தது.

அவள் மூலையில் முதுகை வைத்து, மகளை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாற்காலிகள் நகரும் சத்தம். விருந்தினர்கள். ஒலிபெருக்கியை அணைக்க மறந்திருந்தார்கள், பேச்செல்லாம் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்ட அம்மாளும் வந்திருந்தாள். ஆயா யாரும் இல்லையா, குழந்தைக்குச் சளி பிடிக்காதா என்று கேட்டாள். எல்லாம் நலக்குழு பார்த்துக்கொள்ளும் என்றார்கள். நிம்மதியடைந்தாள்.

தீவனக்காரர் அறையின் மறுகோடியில் இருந்த சிறு ஜன்னலைத் திறந்து ஒரு தட்டை வைத்தார். உரித்த வாழைப்பழம்.

"என் வேலை இது, தங்கச்சி" என்றார். அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

"தெரியும்ணே. நானும் வெச்சிருக்கேன்."

அவர் ஜன்னலைச் சாத்தவில்லை. "எடுக்காத" என்று உதடு அசையாமல் சொல்லிவிட்டுப் போனார்.

பழம் கறுத்தது. கண்ணாடிக்குப் பின்னால் யாரோ கொட்டாவி விட்டார்கள். ஒரு விருந்தினர், அடுத்து என்ன நிகழ்ச்சி என்று கேட்டார். அது இயக்குநரின் காதில் விழுந்தது. தன் கூடத்தில் கொட்டாவியை அவர் பொறுத்ததே இல்லை.

கையுறை மாட்டிக்கொண்டு, சட்டையில் குட்டி ஒலிவாங்கியைக் குத்திக்கொண்டு அவரே உள்ளே வந்தார். அவசரத்தில் கதவைச் சாத்தவில்லை. சாத்த வேண்டியது வேலைக்காரர்கள் வேலை.

"நண்பர்களே," என்று கண்ணாடியில் தெரிந்த தன்னைப் பார்த்துச் சொன்னார், "தாய்மையின் வலிமையை இப்போது நேரில் காண்பீர்கள்." பிறகு குரலைத் தாழ்த்தி, "குடும்மா. அழுகை முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துடுவோம். உலகத்துக் குழந்தைங்களுக்காக" என்று சொல்லி, கையை நீட்டிக் குழந்தையின் கக்கத்தில் பிடித்தார்.

குழந்தை கத்தியது. கூண்டுக்காரியின் இரண்டு கையும் குழந்தைமேல் இருந்தன. மிச்சம் இருந்த வாயால் கடித்தாள்.

கையுறையைத் தாண்டிப் பல் இறங்கியது. அறுகாதைப் பிடிக்கும்போது எல்லோரும் முழங்கை வரை தோல் உறை போட்டுக்கொள்வார்கள். இவளுக்கு ரப்பர் போதும் என்று நினைத்திருந்தார்கள். இயக்குநர் அலறினார். அந்த நல்ல குரல் ஒலிவாங்கி வழியாக நிலையம் முழுக்கக் கேட்டது.

"விடு! ஐயோ, விடச் சொல்லுங்க! யாராவது உள்ள வாங்க!"

யாரும் வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதல் விதி அமலில் இருந்தது. ஒலிபெருக்கியில் கவனிப்பாளர்களின் குரல் நிதானமாகக் கேட்டது.

"தாய். தற்காப்புக் கடி."

"மூத்த ஆண். கூச்சல், அதிகம்."

"உதவி கேட்கும் நடத்தைக்கு என்ன குறியீடு?"

"குட்டிங்களுக்கு மட்டுந்தான் இருக்கு. மூத்த ஆணுக்கு இல்ல."

"அப்ப 'பிற'ன்னு போடு."

"அடேய், நான்தான்டா இயக்குநர்!" என்று இயக்குநர் கதறினார். அதையும் 'பிற' என்று போட்டுக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவரே பாடம் எடுத்து, அவரே பரீட்சை வைத்து, தேறியவர்களை அவரே பொறுக்கி எடுத்திருந்தார்.

கூண்டுக்காரி பல்லை எடுத்தாள். எச்சிலைத் துப்பினாள். திறந்திருந்த கதவு வழியாக வெளியே நடந்தாள்.

வழியில் அறுகாதின் கூண்டு. அது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. இரண்டு கையும் மடியில் சும்மா கிடந்தன. கூண்டுக்காரி நின்றாள். பூட்டைப் பார்த்தாள். வில்லை ஒரு கையால் அழுத்தினாள், அது இறங்கியது. தாழைத் தூக்க இன்னொரு கை வேண்டும். இன்னொரு கையில் மகள் இருந்தாள். "ஏய்" என்று கூப்பிட்டாள். அறுகாது திரும்பவில்லை. நடைக்கோடியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. வில்லை விட்டாள். அது பழைய இடத்துக்குத் துள்ளி வந்து நின்றது. அருமையான பூட்டு.

மகளை அணைத்துக்கொண்டு "குரங்கினச் சமூக" வாசலைத் தாண்டி வெளியே போனாள்.

ஆய்வு சிறப்பாக வெளிவந்தது. இயக்குநர் கட்டுப்போட்ட கையோடு மேடையேறி, தாய்மையின் வலிமையைப் பற்றிப் பேசினார்; முன்பைவிட அதிகம் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒப்பீட்டுத் தாய் பாதியிலேயே விலகிவிட்டதால் கணக்கில் சேர்க்கவில்லை என்று கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். மனிதர்களில் மேலும் ஆய்வு தேவை என்பது முடிவு. அதற்கென்று ஒரு புதுக் கட்டடம் கேட்டிருந்தார்கள்.

கூண்டுக்காரி நாத்தனாரோடு தலையணை உறைக்கு ஓரம் அடிக்கிறாள். நாள் முழுக்கக் குனிந்து இடுப்பு விட்டுப்போகிறது. வருகிறது வாடகைக்கும் பருப்புக்கும் சரியாகப் போகிறது. குழந்தை மெஷினுக்குக் கீழே துணிக்குவியலில் உருளுகிறது.

ஒருநாள் கதவு தட்டுகிற சத்தம். மகளைத் தூக்கிக்கொண்டு போய்த் திறந்தாள். கவனிப்பாளர் பெண். வெள்ளைக் கோட்டு, கையில் எழுதும் பலகை.

"அக்கா, தொடர் கண்காணிப்புக்கு அனுப்பிச்சாங்க. நான் எதுலயும் தலையிட மாட்டேன். ஒரு ஓரமா உக்காந்து பாத்துட்டுப் போயிடுறேன்."

"யாரு அண்ணி அது?" என்று உள்ளேயிருந்து நாத்தனார் கேட்டாள். "பழம் கொண்டு வந்திருக்காங்களா?"

கூண்டுக்காரி மகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். அந்தப் பெண்ணையே பார்த்தாள். நல்ல குடும்பத்துப் பெண். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"அறுகாது எப்படி இருக்கு?"

"சுவத்தப் பாத்தே உக்காந்திருக்குக்கா. எதுவும் சாப்பிடல."

"அதுக்கு என்ன பண்ணீங்க?"

அந்தப் பெண் பலகையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள், அதை யாரோ பிடுங்கப் போவதுபோல.

"எழுதிக்கிட்டோம்க்கா."

வீட்டுக்கதவின் தாழ் மலிவான தாழ். ஒரு கையாலேயே போடலாம். போட்டாள்.